பித்தப்பைக்கு இரண்டு பக்கம்

ஊரில் அவளைப் பிரேக்கம்மா என்றுதான் சொல்வார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். அவளுடைய காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் எந்த மரத்தை நோக்கிப் போனாலும் சரி, எந்தச் சாக்கடையைக் குறிவைத்தாலும் சரி, பேசிக்கொண்டிருக்கும் பேச்சைக்கூட நிறுத்தாமல் அதை மிதித்துவிடுவாள். வக்கீல்கள், மாவு மில் முதலாளி, புதிதாய்க் கல்யாணமானவர்கள் என்று பாதி ஊர் அவளிடம் திட்டு வாங்கித்தான் உரிமம் வாங்கியது.

அப்படிப்பட்டவளுக்கு வீட்டில் வாய்த்த இரண்டு ஆண்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஒருவர் கட்டிய கணவர். தனியார் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் பேராசிரியர். இன்னொருவர் கூடப் பிறந்த அண்ணன். மின்சாரத் துறையில் தொழிற்சங்கத் தலைவராக இருந்து மேலதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தவர்; எல்லாருக்கும் தோழர். ஒருவர் வீட்டுக்கும் இன்னொருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தையல்கடைதான்.

அரசாங்கம் 'எல்லாருக்கும் வைத்தியம்' என்று ஒரு திட்டத்தை அறிவித்ததிலிருந்து இருவருக்கும் யோகம் அடித்தது. ஏழை, பணக்காரர் என்ற பேதம் இருக்காது. எல்லாருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வரிசை, கைக்காசு தர வேண்டாம். திட்டம் வருமா வராதா என்று அரசாங்கத்துக்கே தெரியாத நிலையில், தொலைக்காட்சிக்காரர்கள் மட்டும் வாரத்துக்குப் பாதி நாள் அதை வைத்தே ஓட்டினார்கள். திட்டம் வேண்டும் என்று பேச ஒரு நாற்காலி, வேண்டாம் என்று பேச ஒரு நாற்காலி. இடது நாற்காலியில் அண்ணன், வலது நாற்காலியில் கணவர். அண்ணன் எப்போதும் சிவப்புச் சட்டை. கணவருக்குத் தங்க ஃபிரேம் போட்ட கண்ணாடி. இருவரும் மைத்துனர்கள் என்பது சேனலுக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் சண்டையில் சுவை குறைந்துவிடும் என்று சேனல் நினைத்தது.

சாயங்காலம் இருவரையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்டுடியோ வாசலில் இறக்குவது அவள் வேலை. வழியெல்லாம் கேட்கும் பேச்சு அவளுக்குப் பழகிவிட்டது.

"மாப்பிள்ளை, இன்னைக்கு அந்த வரி விஷயத்தை எடுக்காதீங்க. எனக்கு அதுக்குப் பதில் சரியா வரல."

"சரி மச்சான். நீங்களும் அந்தப் பிரசவக் கேஸைச் சொல்லாதீங்க. அதுக்கப்புறம் நான் என்ன பேசினாலும் ராட்சசன் மாதிரியே தெரியுது."

"அதை விட்டா எனக்கு என்ன இருக்கு?"

"வேணும்னா வரியை நான் விட்டுடறேன். நீங்க அதை விட்டுடுங்க."

இப்படிப் பேரம் படிந்தபின் உள்ளே போய், "இவர் மனசாட்சியை அடகு வெச்சிட்டார்" என்று ஒருவரும், "இவர் அடுத்தவன் பாக்கெட்டிலிருந்து தர்மம் பண்றார்" என்று மற்றவரும் மேஜையைத் தட்டுவார்கள். முடிந்ததும் வாசல் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை ஆகாது என்று, சர்க்கரை இல்லாத டீயாகச் சொல்வது கணவர்தான்.

அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வர ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வயிறு நிறையச் சாப்பிட்டால் வரும். ஒரு மணி நேரம் முறுக்கிவிட்டுப் போய்விடும். வாய்வு என்று நினைத்துக்கொண்டாள். மாத்திரையை மென்றபடியே கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு பேசுவார்கள், பேசி முடிப்பதற்குள் வலி தானாகவே போய்விடும் என்பது அவள் கணக்கு.

ஒரு சாயங்காலம் அந்தக் கணக்குத் தப்பியது. ஸ்டுடியோ வாசலில் காரை நிறுத்தும்போதே வலி முதுகு வரை ஏறி, தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தாள்.

"ஏம்மா, என்ன பண்ணுது?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க. நேரமாச்சு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மச்சான், நீங்க கொஞ்சம் கூட இருங்களேன்."

"நான் இங்க இருந்தா நீங்க அங்க யார்கூடப் பேசுவீங்க?"

"அப்ப நான் இருக்கேன்."

"நீங்க இருந்தா நான் யார்கூடப் பேசறது?"

இரண்டுமே நியாயமாகத்தான் இருந்தது. இரண்டும் நியாயமாக இருந்ததால் இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். போகும்போது கணவர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். அண்ணன், "ஏதாவதுன்னா உடனே ஃபோன் பண்ணு பாப்பா" என்றார். நேரலை தொடங்கியதும் ஃபோனை வாங்கி அணைத்து வைத்துவிடுவார்கள் என்பது மூவருக்கும் தெரியும்.

நல்லவேளையாக, அந்த நேரத்துக்கு மருந்துக்கடைக்காரருக்கு வகுப்பு இருந்தது. கடையை அடைத்துவிட்டு அங்கேதான் வந்து காத்திருப்பார். ஓட்டுநர் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கைக்குட்டை நனைந்துவிடும். வலியில் சுருண்டு கிடந்த குருவைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நகர்ந்துக்கறேன். நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றாள்.

"மேடம், நான் இன்னும் ரெண்டாவது கியரைத் தாண்டினதே இல்லையே."

"இன்னைக்குத் தாண்டுங்க."

பக்கத்திலிருந்த பெரிய தனியார் ஆஸ்பத்திரியை நோக்கிக் கார் தவழ்ந்தது. ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் தன் பக்கத்துப் பிரேக்கில் கால் வைத்திருந்தாள். ஒரு பேருந்துக்கும் ஒரு பால் வண்டிக்கும் அவள்தான் மிதித்தாள். "கண்ணாடியைப் பாருங்க. என்னைப் பார்க்காதீங்க" என்று நடுவில் ஒரு முறை திட்டவும் செய்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது மருந்துக்கடைக்காரர்தான் நோயாளிபோல் வியர்த்திருந்தார். அவரைத்தான் முதலில் சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் அழகாகச் சிரித்தாள். "கார்டு இருக்காம்மா?"

"என்ன கார்டு?"

"இன்சூரன்ஸ்."

காத்திருக்கும் கூடத்தின் சுவரில் பெரிய தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் தங்க ஃபிரேம் கண்ணாடி விளக்கொளியில் மின்ன, கணவர் விரலை உயர்த்தியிருந்தார். "பொறுப்புள்ள ஒரு குடும்பத் தலைவன் நாளைக்கு வரப்போற நோய்க்கு இன்னைக்கே ஏற்பாடு பண்ணிவெச்சிருப்பான். அரசாங்கம் எதுக்குங்க அவனுக்குத் தாலாட்டுப் பாடணும்?"

"இல்லம்மா" என்றாள் வரவேற்புப் பெண்ணிடம். "எங்க வீட்டுல கார்டு இல்ல."

ஏன் இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு வருடமும் காப்பீட்டு முகவர் வீட்டுக்கு வருவார். பேராசிரியர் அவரை உட்காரவைத்து, பொடி எழுத்தில் போட்டிருக்கும் விதிகளில் உள்ள ஓட்டைகளையெல்லாம் பாடம் நடத்தி, "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிடுவார். போன வருடம் முகவர் வரவேயில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

திரையில் இப்போது அண்ணன். "என் தங்கச்சின்னு வெச்சுக்கங்க. அவ அரசாங்க ஆஸ்பத்திரி வாசல்ல தலை நிமிர்ந்து நுழையணும். அந்த நாள் வர்ற வரைக்கும் நான் ஓயமாட்டேன்."

கூடத்தில் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "அந்தச் சிவப்புச் சட்டை பேசறதுதான் பேச்சு" என்றார். அவர் கையில் கட்டணச் சீட்டு இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவர் குரல் உயர்ந்தது. "அந்தக் கண்ணாடிக்காரனைப் பிடிச்சாந்து ஒரு நாள் இங்க படுக்க வைக்கணும். அப்பத் தெரியும் தாலாட்டு."

நல்ல பட்டுப்புடவையும் நகையுமாக இருந்த அம்மாள் ஒருவர், "சீக்கிரமா வரட்டும் அந்தத் திட்டம். இவங்க கையில மாட்டி உயிர் போய் உயிர் வருது" என்றார். கூடம் முழுக்கத் தலையாட்டியது. கண்ணாடிக்காரன் என் வீட்டுக்காரர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வலி அதிகமாக இருந்ததும் ஒரு காரணம்.

ஊசி போட்டார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள். பித்தப்பையில் கற்கள். பை வீங்கியிருக்கிறது. சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். ஆகும் செலவையும் மென்மையாகச் சொன்னார். அவ்வளவு மென்மையாகச் சொன்னதிலேயே அது எவ்வளவு பெரியது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஊசியில் வலி அடங்கியதும் வீடு திரும்பினாள். மறுநாள் காலை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக் குடும்பம் கூடியது. கணவர், அண்ணன், அண்ணி. அண்ணி நீச்சல் குளத்தில் பெண்களுக்குப் பயிற்சி தருகிறவள்; அதிகம் பேசமாட்டாள், பேசினால் கரையிலிருந்து அடுத்த கரைக்குக் கேட்கும்.

முதலில் கணவர் தொண்டையைச் செருமினார். "நான் என்ன நினைக்கறேன்னா, அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

அண்ணன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க?"

"அரசாங்க ஆஸ்பத்திரி. இந்த ஆபரேஷன் அங்க தினமும் எத்தனை நடக்குது தெரியுமா? கை பழகின டாக்டருங்க. தனியார்ல இருக்கறவங்களுக்கே அங்க இருக்கறவங்கதானே வாத்தியாருங்க."

"என்ன மாப்பிள்ளை பேசறீங்க? அங்க போய் நம்ம வீட்டுப் பொண்ணைப் படுக்க வைக்கறதா? ஒரு கட்டில்ல ரெண்டு பேர். கக்கூஸ் பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போகணும். எப்பக் கூப்பிடுவான்னு தெரியாது."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"போய்த்தான் பார்க்கணுமா? ஊரே சொல்லுது."

"மச்சான், அதெல்லாம் தனியார்காரன் கிளப்பிவிடற புரளி. மனுஷனோட பயத்தை வெச்சு வியாபாரம் பண்றாங்க. நோயை லாபமாக்கறது எப்பேர்ப்பட்ட அநியாயம்."

"எது அநியாயம்? போட்டி இருந்தாத்தான் தரம் இருக்கும். இலவசமாக் கிடைச்சா எவன் கவனிப்பான்? என் தங்கச்சிக்கு நல்லதா ஒண்ணு செய்யணும்னா நான் கடனை உடனை வாங்கியாவது செய்வேன். அது என் சுதந்திரம். அதுல தலையிட நீங்க யாரு?"

"பணம் இருக்கறவனுக்கு ஒரு உயிர், இல்லாதவனுக்கு ஒரு உயிரா?"

"உணர்ச்சிவசப்படாம புள்ளிவிவரத்தைப் பேசுங்க."

மேஜையை முதலில் தட்டியது யார் என்று பார்க்க முடியவில்லை. இரண்டு டம்ளர்களும் ஒரே நேரத்தில் குதித்தன. கணவரின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஸ்டுடியோவில் ஒரு நாள்கூட இருவரும் இவ்வளவு உண்மையாகப் பேசி அவள் பார்த்ததில்லை.

அண்ணிதான் முதலில் கவனித்தாள். "ஏங்க, நீங்க ரெண்டு பேரும் நாற்காலி மாறி உக்காந்துட்டீங்களா?"

பிரேக்கம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் விலா பிய்ந்தது. பிய்ந்தாலும் நிற்கவில்லை. கண்ணில் நீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு, "போதும், என்னைக் கொல்லாதீங்க" என்றாள். இருவரும் அசடு வழிந்தார்கள். ஆனால் யாரும் தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சாயங்காலம் வரை யோசிப்பதாகவும், பிறகு நேரலை இருப்பதால் மறுநாள் முடிவெடுப்பதாகவும் தீர்மானித்துக் கலைந்தார்கள்.

அவர்கள் முடிவுக்காக அவள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் இருவருக்கும் தெரியாமல் மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நெரிசல்ல ஓட்டிப் பழகணும், வாங்க" என்றாள். நெரிசலில் ஓட்டிப் பழகியதில் அரசாங்க ஆஸ்பத்திரி வாசல் வந்தது.

உள்ளே வரிசை படியிறங்கி, வாகன நிறுத்தம் வரை வளைந்து கிடந்தது. அண்ணன் சொன்ன நாற்றம் இருந்தது. கணவர் சொன்ன டாக்டர்களும் கதவுக்குப் பின்னால் இருந்தார்கள் போலிருந்தது. அவ்வப்போது ஒரு வெள்ளைக் கோட்டு பறந்து மறைந்தது. அவள் போய்க் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றவள் சலவைக்கடைக்காரி. முழங்கையில் துணி சுற்றியிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு கிழவர், கண்ணில் பச்சைத் துணி.

பேச்சு தானாக அங்கே வந்து நின்றது. எங்கே போனாலும் அந்த நாட்களில் அதுதான் பேச்சு.

"இந்தத் திட்டம் மட்டும் வந்துச்சு, நம்ம கதை முடிஞ்சுது" என்றாள் சலவைக்கடைக்காரி.

"ஏன்? எல்லாருக்கும் நல்லதுதானே?" என்றாள் அவள்.

"எல்லாருக்கும்னா யாருக்கெல்லாம்? இப்பவே நிக்க இடமில்ல. நாளைக்கு பங்களாக்காரன் காரை எடுத்துக்கிட்டு வந்து நமக்கு முன்னாடி நிப்பான். அவனை விட்டுட்டு என்னையா கூப்பிடுவாங்க? அவனுக்கு டாக்டரைத் தெரியும், மந்திரியைத் தெரியும். எனக்கு யாரைத் தெரியும்?"

கிழவர் தலையைத் திருப்பாமலே பேசினார். "டிவியில ஒரு கண்ணாடிக்காரர் வர்றார் பாரு. அவர் ஒருத்தர்தான் நமக்காகப் பேசறார். வேணாம் வேணாம்னு ஒத்தைக்கு நின்னு போராடறார். அந்தச் சிவப்புச் சட்டை எல்லாத்தையும் கூட்டி வந்து இங்க விடப் பார்க்கறான்."

அவளுக்குத் தலை சுற்றியது. கிழவரின் பேச்சுதான் காரணம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் வலி விலாவிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தது, இந்த முறை குளிரோடு. பற்கள் தந்தியடித்தன. சுவரைப் பிடிக்கக் கை நீட்டியது ஞாபகம் இருக்கிறது. சலவைக்கடைக்காரி தன் நல்ல கையால் அவளைத் தாங்கிக்கொண்டு, "யாராவது வாங்களேன், இந்தம்மா விழுந்துட்டாங்க" என்றாள். வரிசை ஒரு நிமிடம் வரிசையாக இல்லாமல் போனது. நின்ற எல்லாரும் வழிவிட்டார்கள். தள்ளுகட்டில் வந்தது. முன்னால் நிற்கப்போகும் கார்க்காரனைப் பற்றிப் பயந்தவர்கள், காரில் வந்த அவளைத் தங்கள் தலைக்கு மேலாகவே உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

பித்தப்பை சீழ் பிடித்திருந்தது. தாமதித்தால் வெடித்துவிடும் என்று அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். எடுத்த டாக்டருக்கு வயது குறைவு. தூக்கம் இன்னும் குறைவு. மயக்கம் தெளிந்தபோது, "கல்லை வேணும்னா தரச் சொல்லட்டுமா, சிலபேர் கேட்பாங்க" என்றார். "வேணாம் டாக்டர், எங்க வீட்டுல அதை வெச்சும் ரெண்டு பேர் பேசுவாங்க" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

மருந்துக்கடைக்காரர் ஃபோனில் சொல்ல, பார்வை நேரத்தில் கணவரும் அண்ணனும் ஓடி வந்தார்கள். கணவர் கட்டிலருகே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கை ஜில்லென்றிருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று அவள்தான் கேட்க வேண்டியிருந்தது.

அதற்குள் பக்கத்துக் கட்டில் அவரை அடையாளம் கண்டுகொண்டது. அங்கிருந்து அடுத்த கட்டிலுக்குப் போனது. எழுந்து நடக்கக்கூடியவர்கள் எழுந்து வந்தார்கள்.

"ஐயா, நீங்கதானே டிவியில பேசறவர்? விடாதீங்க ஐயா" என்றாள் ஒருத்தி. வயிற்றில் குழாய் மாட்டியிருந்தது. அதைக் கையில் பிடித்தபடி வந்திருந்தாள். "எங்களுக்குன்னு இருக்கறது இந்த ஒரு இடம். இதையும் பிடுங்கிக்க விடாதீங்க. எனக்கு ஓட்டுப் போட மட்டும் எல்லாருக்கும் ஒரே வரிசைன்னு தெரியும், மத்ததுல அப்படி நடந்து நான் பார்த்ததில்ல."

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பேசியதெல்லாம் வரி கட்டுகிறவர்களுக்காக. இந்தப் பெண்ணை அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்ததே இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "உக்காருங்கம்மா, நிக்காதீங்க" என்றார்.

அண்ணனைப் பார்த்த பார்வையே வேறு. "எல்லாரையும் கூட்டியாறேன்னு சொன்னவர் இவர்தான்" என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர், "கூட்டியாங்க. எங்க படுக்க வைப்பீங்க, உங்க மடியிலயா?" என்றார். அண்ணன் தன்னுடைய மக்களுக்காகத்தான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தவர். தன்னுடைய மக்களே தன்னை முறைப்பது அவருக்குப் புதிது. சுற்றிலும் பார்த்தார். சுற்றாத மின்விசிறி ஒன்று. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த ஒரு பெண். கட்டிலுக்கு ஒருவர்தான் படுத்திருந்தார், ஆனால் கட்டில் போதவில்லை. சங்கம் போராடி வாங்கிக் கொடுத்த கார்டில் அவர் குடும்பம் எப்போதும் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. இந்தக் கட்டடத்துக்குள் கடைசியாக எப்போது வந்தோம் என்று யோசித்தார்; சங்கத்து ஊர்வலம் ஒன்றில் வாசல் வரை வந்ததுதான் நினைவுக்கு வந்தது.

"அதுக்காகத்தாம்மா சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "எல்லாரும் வந்தாத்தான் இந்த ஃபேன் ஓடும். பங்களாக்காரன் இங்க வந்து வேர்த்தாத்தான் நாளைக்கே ஆள் வந்து ரிப்பேர் பண்ணுவான்."

அவள் தலையணையிலிருந்து அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை மாதங்களில் அவர் தொலைக்காட்சியில் சொல்லாத ஒன்று அது. ஆனால் அதற்குள் ஆளுக்கொரு பக்கம் பேசத் தொடங்கியிருந்தார்கள். குழாய்க்காரி ஒன்று சொல்ல, பாயில் படுத்திருந்தவள் இன்னொன்று சொல்ல, கூடம் இரைந்தது. தலைமை நர்ஸ் வந்து நின்றார். "இது ஆஸ்பத்திரியா, சந்தையா? யார் ஆரம்பிச்சது?" எல்லா விரலும் ஒரே பக்கம் நீண்டது. சிவப்புச் சட்டையும் தங்க ஃபிரேம் கண்ணாடியும் சேர்ந்து வெளியே அனுப்பப்பட்டன.

அவள் வீட்டுக்கு வந்ததும் சேனலின் தயாரிப்பாளர் பழக்கூடையோடு பார்க்க வந்தார். சின்னப் பெண்; கையில் இரண்டு ஃபோன்; இரண்டும் மாறி மாறி அதிர்ந்துகொண்டிருந்தன.

"உங்க அனுபவம் ரொம்ப முக்கியம்மா. அடுத்த நிகழ்ச்சிக்கு நீங்களே வரணும். நீங்க எந்தப் பக்கம் பேசறீங்க?"

"அவ என் பக்கம்தான்" என்றார் கணவர், பழக்கதோஷத்தில். "திட்டம் இல்லாமலே அவளுக்கு வைத்தியம் கிடைச்சுதே." அண்ணனும் விடவில்லை. "கிடைச்ச இடம் எது? அரசாங்க ஆஸ்பத்திரி. அப்ப என் பக்கம்."

"எனக்கு ரெண்டு பக்கத்துலயும் சொல்றதுக்கு இருக்கு" என்றாள் அவள்.

தயாரிப்பாளர் வருத்தமாகச் சிரித்தார். "அப்படி ஒரு நாற்காலி இல்லீங்களேம்மா."

அப்போது கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இந்தத் தடவை நான் வேணும்னு பேசறேனே."

தயாரிப்பாளர் அவரைப் பேயறைந்தது போலப் பார்த்தார். அண்ணன் தலையைச் சொறிந்தார். "எனக்கும்கூட இப்ப கொஞ்சம் சந்தேகமா இருக்கு. வேண்டாம்னு இல்ல. இப்படியே கதவைத் திறந்துவிட்டா, உள்ளே இருக்கறவங்க கதி என்னன்னு கேட்கணும்ல. முதல்ல கட்டில், அப்புறம் கதவு. நான் அதைப் பேசறேன்."

"ஐயோ, சார். மக்கள் குழம்பிடுவாங்க. வலது பக்கம்னா வேண்டாம், இடது பக்கம்னா வேணும். பின்னாடி திரையில கலரே அப்படித்தான் போட்டிருக்கோம்."

"கலரை மாத்துங்க."

"எடிட்டர் ஒத்துக்கமாட்டார் சார்."

கடைசியில் இருவரும் பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார்கள். அவள் வீட்டில் படுத்தபடி பார்த்தாள். கணவர், "இந்தத் திட்டம் வேண்டாம்" என்று தொடங்கி, "ஆனா அந்தக் கூடத்துல ஒரு அம்மாவைப் பார்த்தேன்" என்று நிறுத்தினார். பிறகு எப்படி முடிப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார். அண்ணன், "எல்லாருக்கும் வேணும்" என்றுவிட்டு, "எதிர் நாற்காலிக்காரர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். நெறியாளர் இரண்டு பேரையும் மாறி மாறிக் கிள்ளிப் பார்த்தார். மேஜையை யாரும் தட்டவில்லை. அரை மணி நேரம் இரண்டு மனிதர்கள் யோசித்து யோசித்துப் பேசினார்கள். அந்த நிகழ்ச்சியின் வரலாற்றிலேயே மிகக் குறைவான பேர் பார்த்தது அதைத்தான் என்று தயாரிப்பாளர் பிறகு சொன்னார்.

அடுத்த நிகழ்ச்சியில் இரண்டு நாற்காலியிலும் புது ஆட்கள். அதற்கடுத்ததில் தலைப்பே மாறிவிட்டது; நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாமா கூடாதா என்று ஊர் கொதித்தது. வைத்தியத் திட்டத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு உட்கார இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கடைசியாகச் செய்தி வந்தது.

தையல் பிரிக்கும் நாளில் அவள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கூப்பிடாமலே இருவரும் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வரிசை போன தடவையைப் போலவே வாகன நிறுத்தம் வரை வந்திருந்தது. மூவரும் கடைசியில் போய் நின்றார்கள்.

முன்னால் நின்ற பால்காரர் திரும்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் டிவியில அடிச்சுக்கறவங்கதானே? இங்க ஒண்ணா நிக்கறீங்க?"

"சொந்தக்காரங்க" என்றார் அண்ணன்.

"அப்படியா." பால்காரருக்கு ஏமாற்றமாக இருந்தது. "அப்ப அங்க போட்டதெல்லாம்?"

பேராசிரியர் விரலை உயர்த்தினார். வழக்கமாக அங்கிருந்து, 'இதில் இரண்டு விஷயம் இருக்கிறது' என்று தொடங்குவார். இந்த முறை அதே விரலால் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "அங்க நேரம் கம்மி" என்றார்.

வரிசை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கதவை நெருங்கியபோது பின்னால் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண், ரத்தம் எடுக்கிற அறைக்குப் போய்விட்டு வர வேண்டும் என்றும், போனால் இடம் போய்விடும் என்றும் தவித்தாள். "பையை இப்படிக் கொடும்மா. நாங்க பார்த்துக்கறோம்" என்றார் அண்ணன். அந்தப் பெண்ணின் பை அண்ணன் தோளில் ஏறியது, குடை கணவர் கைக்கு வந்தது.

பிரேக்கம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். தையல் பிரிப்பது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. எறும்பு கடித்தது போலச் சில இழுப்பு, அவ்வளவுதான். "கனமா எதையும் தூக்காதீங்க" என்றார் நர்ஸ்.

வெளியே வந்தபோது இருவரும் அதே இடத்தில் நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டி ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் போகச் சொல்லி யாரோ வற்புறுத்த, அண்ணன், "இது அந்தப் பொண்ணோட இடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மடித்த சட்டைக் கைக்குள் வியர்வை இறங்கியிருந்தது. கணவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"முடிஞ்சுது. போலாமா?" என்றாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றார் கணவர், தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தபடி. "அந்தப் பொண்ணு இன்னும் வரல."

அவளும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.